கருவிகள் தங்களுக்குள் நட்பு வைத்துக்கொண்டால் அதை முறிப்பது யார்?

#1 மின்மினி

எல்லோருக்கும் வணக்கம். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடும்போது 'சமூகப் பொருளிணையம்' என்ற ஒன்று கண்ணில் பட்டது. சுருக்கமாக எஸ்ஐஓடி என்கிறார்கள். லூயிஜி அட்சோரி, அந்தோனியோ இயேரா, ஜாகொமோ மொராபிட்டோ என்ற மூன்று இத்தாலிய ஆய்வாளர்கள் 2011இல் முன்வைத்தது. கருத்து இதுதான்: இணையத்தோடு இணைந்த கருவிகள் தாங்களாகவே ஒன்றோடொன்று உறவு ஏற்படுத்திக்கொள்ளும், எந்த மாதிரி உறவு கூடும், கூடாது என்ற விதிகளை மட்டும் உரிமையாளர் வகுத்துத் தருவார். அதன்பின் ஒரு கருவிக்கு ஏதாவது தகவலோ சேவையோ தேவைப்பட்டால் தன் நண்பர்களிடம் கேட்கும், நண்பர்களின் நண்பர்களிடமும் கேட்கும்.

ஐந்து வகை உறவு சொல்கிறார்கள். தமிழ்ப் பெயர் நானாக வைத்தது, பொறுத்துக்கொள்ளவும். ஒரே தயாரிப்பாளரிடம் ஒரே காலத்தில் உருவானவற்றுக்குப் பிறப்பு உறவு. ஒரே இடத்தில் இருப்பவற்றுக்கு இட உறவு. சேர்ந்து ஒரு வேலையைச் செய்பவற்றுக்கு வேலை உறவு. ஒரே ஆளுக்குச் சொந்தமானவற்றுக்கு உரிமை உறவு. கடைசியாகச் சந்திப்பு உறவு: உரிமையாளர்கள் அடிக்கடி சந்திப்பதால் அவர்களுடைய ஃபோன், வாட்ச், கார் எல்லாம் ஒன்றையொன்று அடிக்கடி பார்த்துப் பழகிவிடுவது.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் கைடு "பேர் நல்லா இருக்கு, உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டார். உண்மையிலேயே புதிதாக ஏதாவது இருக்கிறதா?

#2 பழைய_ரவுட்டர்

ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுங்கள், அவருக்கும் நேரம் மிச்சம்.

வீட்டில் இருக்கும் பல்பு எங்கே பேசுகிறது? தயாரித்த நிறுவனத்தின் சர்வரோடு. பக்கத்தில் இருக்கும் ஸ்விட்ச் எங்கே பேசுகிறது? அதன் நிறுவனத்தின் சர்வரோடு. இரண்டுக்கும் நடுவில் இரண்டு அடி தூரம். செய்தியோ கண்டம் விட்டுக் கண்டம் போய்த் திரும்புகிறது. இந்த நிலையில் பல்பும் ஸ்விட்சும் நட்பாம். முதலில் அறிமுகமாகட்டும்.

#3 வலைமுடிச்சு

ரவுட்டர் ஐயாவின் எரிச்சல் நியாயம்தான், ஆனால் கேள்விக்கு அது பதில் இல்லை. மின்மினி, 'நட்பு' என்றதும் உணர்ச்சி, அன்பு என்று போகாதீர்கள். இதன் அடியில் இருப்பது தேடல் சிக்கல்.

ஒரு நகரத்தில் பல லட்சம் கருவிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். என் காருக்கு அடுத்த தெருவில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று தெரியவேண்டும். யாரைக் கேட்பது? ஒரு வழி, எல்லாக் கருவிகளையும் ஒரு மையப் பதிவேட்டில் எழுதி வைப்பது. யார் எங்கே, என்ன தெரியும், இப்போது விழித்திருக்கிறதா என்று நொடிக்கு நொடி அந்தப் பதிவேட்டைப் புதுப்பிக்கவேண்டும். கருவிகள் இடம் மாறும், அணையும், உடையும். பதிவேட்டை வைத்திருப்பவர் கையில் எல்லாமே போய்ச் சேரும். இன்னொரு வழி, ஒவ்வொரு கருவியும் தனக்குத் தெரிந்த சிலரை மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் வழியாக விசாரிப்பது.

இரண்டாவது வழி வேலை செய்யுமா என்பதற்கு விடை கருவிகளைப் பற்றிய ஆய்வில் வந்ததல்ல. 1960களின் இறுதியில் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் கடிதச் சங்கிலிச் சோதனை செய்தார். முன்பின் பழக்கமில்லாத ஒருவருக்கு, தெரிந்தவர் வழியாக மட்டுமே கடிதத்தைக் கடத்தவேண்டும். போய்ச் சேர்ந்த கடிதங்கள் சராசரியாக ஐந்தாறு கைகள்தான் மாறின. (பாதிக்கு மேல் போய்ச் சேரவே இல்லை என்பதைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.) 1998இல் வாட்ஸும் ஸ்ட்ரோகாட்ஸும் அத்தகைய வலைகள் ஏன் சுருங்கியிருக்கின்றன என்று காட்டினார்கள். எனக்குப் பிடித்தது 2000இல் ஜான் கிளைன்பர்க் கேட்ட கேள்வி: குறுக்குவழி இருப்பது சரி, முழு வரைபடம் தெரியாத ஒருவர் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்? தூரத்துத் தொடர்புகள் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் பரவியிருந்தால்தான் முடியும் என்று அவர் நிறுவினார். அந்த விகிதம் தவறினால், குறுக்குவழி இருந்தும் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இப்போது அந்த ஐந்து உறவுகளைத் திரும்பப் பாருங்கள். இட உறவும் வேலை உறவும் பக்கத்துத் தொடர்புகள், நெருக்கமான கொத்துகள். பிறப்பு உறவும் சந்திப்பு உறவும் அந்தக் கொத்தைத் தாண்டி வெளியே போகும் கயிறுகள். இரண்டும் கலந்தால்தான் வலையில் வழி கிடைக்கும். மிக்கேல் நித்தியும் அட்சோரியும் இதைத்தான் தனிக் கட்டுரையாக ஆராய்ந்தார்கள். அதில் ஒரு நடைமுறைச் சிக்கல் வருகிறது: சின்ன சென்சாரில் நினைவகம் குறைவு, ஆயிரம் நண்பர்களை வைத்திருக்க முடியாது. உச்சவரம்பு வைக்கவேண்டும். வரம்பு நிறைந்தபின் புதிதாக ஒருவர் வந்தால் யாரைக் கழற்றிவிடுவது? நிறையத் தொடர்பு உள்ளவரை வைத்துக்கொள்வதா, ஏற்கெனவே உள்ள நண்பர்களோடு ஒட்டாத ஆளை வைத்துக்கொள்வதா? தேர்வைப் பொறுத்து வலையின் வடிவமே மாறிவிடும்.

கைடிடம் இதைச் சொல்லுங்கள். பேருக்குள் இருப்பது இதுதான்.

#4 நடைமேடை

என் வாஷிங் மெஷினுக்கு என்னைவிட நண்பர்கள் அதிகம் ஆகிவிடும் போலிருக்கிறதே 😀

#5 சாம்பல்பூனை

கருவிகளைப் பழக்கிவிடும் யோசனை 2011க்கு முன்பே உண்டு. 2001இல் ஹோல்ம்குவிஸ்ட் குழுவினர் ஸ்மார்ட்-இட்ஸ் ஃப்ரெண்ட்ஸ் என்று ஒன்று செய்தார்கள். இரண்டு சின்னக் கருவிகளைச் சேர்த்துக் கையில் பிடித்துக் குலுக்கவேண்டும். இரண்டும் தாங்கள் உணர்ந்த அசைவை ஒளிபரப்பும். அசைவு ஒத்துப்போனால் நண்பர்கள். அவ்வளவு எளிமை. குலுக்கியது மனிதக் கை என்பதால் சம்மதமும் அதிலேயே அடங்கிவிட்டது. இன்றைக்குள்ள எந்தச் செட்டிங்ஸ் பக்கத்தைவிடவும் அது தெளிவு என்பேன்.

இன்று பெயர் சொல்லாமலே இது நம் பாக்கெட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆப்பிளின் ஃபைண்ட் மை வலையில், தொலைந்த பொருளின் ப்ளூடூத் குரலை வழியில் போகும் யாரோ ஒருவருடைய ஐஃபோன் கேட்டு, தான் இருக்கும் இடத்தைப் பூட்டுப் போட்டு அனுப்புகிறது. அந்த ஃபோனின் சொந்தக்காரருக்கு நடந்தது தெரியாது. பொருளின் சொந்தக்காரரைத் தவிர வேறு யாராலும் அதைத் திறந்து படிக்கவும் முடியாது. 2020இல் தொற்றுக்காலத்தில் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து கொண்டுவந்த தொடர்பறியும் முறையும் இதே வகை: உங்கள் ஃபோனும் என் ஃபோனும் பக்கத்தில் இருந்ததைக் குறித்து வைத்துக்கொண்டன. மின்மினி சொன்ன சந்திப்பு உறவின் நேரடி உதாரணம்.

எனவே "அறிமுகமே ஆகவில்லை" என்பதை ஒப்புக்கொள்ள முடியாது.

#6 பழைய_ரவுட்டர்

பூனை, நீங்கள் கொடுத்த இரண்டு உதாரணங்களும் என் பக்கம்தான் பேசுகின்றன.

தொடர்பறியும் முறையில் ஃபோன்கள் பரிமாறிக்கொண்டது என்ன? அர்த்தமில்லாத எண். அதுவும் 10 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். 14 நாள் கழித்து அழிந்துவிடும். காலையில் பார்த்த ஃபோனையே மாலையில் பார்த்தாலும் அடையாளம் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தார்கள். ஃபைண்ட் மையிலும் அதே கதை. வழிப்போக்கர் ஃபோன் உதவி செய்துவிட்டு மறந்துவிடுகிறது, தொலைந்த பொருளின் அடையாளமும் அவ்வப்போது மாறுகிறது.

அதாவது, கோடிக்கணக்கான கருவிகளில் ஓடிய இரண்டு திட்டங்களும் மறதியின் மேல் கட்டப்பட்டவை. யார் யாரைப் பார்த்தார் என்பது யாருக்கும் நினைவிருக்காது என்ற உறுதி கொடுத்ததால்தான் ஜனங்கள் சம்மதித்தார்கள். எஸ்ஐஓடி கேட்பது நேர்மாறு. பார்த்ததை எண்ணி வை, எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள், ஒரு அளவைத் தாண்டினால் உறவு என்று பதிவு செய், அதை அடுத்தவருக்கும் சொல்லு.

இன்னொன்று. பொருள்களில் மாட்டித் தேடுவதற்கான ஆப்பிளின் ஏர்டேக் 2021இல் வந்ததும் என்ன நடந்தது? பிறர் பையில் போட்டுப் பின்தொடர ஆரம்பித்தார்கள். கடைசியில் ஆப்பிளும் கூகுளும் பொதுவான எச்சரிக்கை முறையை 2024 மே மாதம் கொண்டுவந்தன. தன் சொந்தக்காரரை விட்டுப் பிரிந்த ஒரு டேக் உங்களோடு கூடவே நகர்ந்துகொண்டிருந்தால் உங்கள் ஃபோன் அலறும். இப்போது சொல்லுங்கள்: ஒரு கருவி இன்னொன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறது. எஸ்ஐஓடி கணக்கில் இது நட்புக்கு அடையாளம். எச்சரிக்கை முறையின் கணக்கில் இதே விஷயம் ஆபத்துக்கு அடையாளம். சிக்னல் ஒன்றுதான்!

#7 மின்மினி

இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. அப்படியானால் என் ஃபோனின் நண்பர் பட்டியலைப் பார்த்தாலே நான் யாரையெல்லாம் சந்திக்கிறேன் என்று தெரிந்துவிடுமா? சென்சார் தகவலைப் பூட்டி வைத்தால் போதாதா?

#8 வலைமுடிச்சு

போதாது. செய்தியின் உள்ளடக்கத்தைப் பூட்டலாம், உறவு இருப்பதை மறைப்பது கடினம். இரண்டு ஃபோன்களுக்குள் சந்திப்பு உறவு வாரநாள் பகலில் மட்டும் வளர்ந்தால் உடன் வேலை செய்பவர்கள். இரவிலும் வளர்ந்தால் வேறு. ஒரு மருத்துவக் கருவியோடு இட உறவு வந்தால், உரிமையாளர் எங்கே அடிக்கடி போகிறார் என்பது வெளியே. கருவிகளின் சமூக வலை என்பது மனிதர்களின் சமூக வலையை அப்படியே அச்செடுத்தது போல. ஆய்வாளர்களே அதை ஒருவகையில் ஒப்புக்கொள்கிறார்கள். ஆரம்பகாலச் சோதனைகளுக்குப் போதுமான கருவிகளின் தரவு இல்லாதபோது பிரைட்கைட் என்ற இடம்பகிரும் சமூகத் தளத்தின் மனிதத் தரவைத்தான் எடுத்து ஓட்டிப் பார்த்தார்கள். மனிதர்களை வைத்துக் கருவிகளை ஊகிக்க முடியும் என்றால், கருவிகளை வைத்து மனிதர்களையும் ஊகிக்கலாம்.

ரவுட்டர் ஐயா சொன்ன நினைவு–மறதி முரண் சரியான இடத்தில் விழுந்த அடி. ஆனால் அதிலிருந்து திட்டமே வீண் என்று போகத் தேவையில்லை. ஐந்து உறவுக்கும் ஒரே அளவு நினைவு தேவையில்லை. என் வீட்டு ஸ்விட்சும் பல்பும் ஒன்றையொன்று ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருக்கட்டும், யாருக்கும் நட்டமில்லை. சாலையில் எதிர்ப்படும் கார்கள் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் பேசிப் பிரியட்டும். சிக்கலான உறவு சந்திப்பு உறவு ஒன்றுதான்.

#9 நிரல்நரி

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், நான் பாதுகாப்புத் துறை ஆள். சந்திப்பு உறவு மட்டும்தான் சிக்கல் என்று சொன்னதால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. என்னைக் கேட்டால் பட்டியலிலேயே பயப்படவேண்டியது பிறப்பு உறவு.

2016இல் எயல் ரோனென், அடி ஷமீர், காலின் ஓஃப்ளின், ஆச்சி-ஓர் வைன்கார்ட்டன் நால்வரும் பிலிப்ஸ் ஹ்யூ பல்புகளை ஆராய்ந்தார்கள். அந்த வகை பல்புகள் எல்லாவற்றிலும் ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள் ஓடும் மென்பொருளை, சரிபார்க்கும் ரகசியச் சாவி ஒன்றே. பல்பின் மின் நுகர்வை அளந்தே அந்தச் சாவியை வெளியே எடுத்துவிட்டார்கள். அதன்பின் ஒரு பல்பு பக்கத்துப் பல்புக்குப் போலி ஃபர்ம்வேரை ஜிக்பி என்ற குறுந்தூர ரேடியோ வழியே கடத்தும், அது அடுத்ததற்கு. இணையமே தேவையில்லை. பாரிஸ் அளவுள்ள நகரத்தில் தாறுமாறாகப் பரவிக்கிடக்கும் பல்புகளின் எண்ணிக்கை சுமார் 15,000-ஐத் தாண்டினால் இந்தத் தொற்று தானாக நகரம் முழுக்கப் பரவும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி, திருத்தமும் வந்துவிட்டது, அது வேறு விஷயம். ஆனால் நடந்ததைக் கவனியுங்கள்: "நீயும் நானும் ஒரே இடத்தில் பிறந்தவர்கள், உன்னை நம்புகிறேன்" என்பதைத் தவிர அந்தப் பல்புகள் வேறு தவறு எதுவும் செய்யவில்லை.

அதே ஆண்டு மிராய் என்ற தீநிரல். அறுபத்துச் சொச்சம் தொழிற்சாலைப் பாஸ்வேர்டுகளின் பட்டியலை வைத்துக்கொண்டு கேமராக்களையும் வீடியோ ரெக்கார்டர்களையும் வரிசையாகப் பிடித்தது. அக்டோபரில், தளங்களின் பெயரை இணைய முகவரியாக மாற்றித்தரும் டைன் நிறுவனத்தின் மேல் விழுந்தபோது பெரிய பெரிய தளங்கள் படுத்துவிட்டன. ஒரே தொகுதிக் கருவிகள் பலவீனத்திலும் உடன்பிறப்புகள்.

எஸ்ஐஓடி ஆட்களுக்கு இது தெரியாமல் இல்லை. நித்தி, ஜிராவ், அட்சோரி 2014இல் எழுதிய நம்பகத்தன்மைக் கட்டுரையில் ஒவ்வொரு உறவுக்கும் ஒரு மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். உரிமை உறவுக்கு மிக அதிகம், பிறப்பு உறவுக்கு மிகக் குறைவு. அதே கட்டுரையில் எனக்குப் பிடித்த இன்னொரு நுணுக்கம்: கருவி எவ்வளவு கெட்டிக்காரத்தனமானதோ அவ்வளவு சந்தேகிக்கவேண்டும். ஒரு சாதாரண வெப்பமானிக்குப் பொய் சொல்லும் திறமை குறைவு, ஃபோனுக்கு உண்டு.

நம்பிக்கையைக் கணக்கிடுவதில் இரண்டு முறை. ஒன்று, ஒவ்வொரு கருவியும் தன் சொந்த அனுபவத்தையும் நண்பர்கள் சொல்வதையும் கலந்து தானே முடிவு செய்வது. மற்றது, எல்லாக் கருத்தையும் பொதுவில் பகிர்ந்து வைத்து எல்லோரும் ஒரே மதிப்பைப் பார்ப்பது. முதலாவது மெதுவாகக் கற்கும், ஆளுக்கு ஆள் மாறுபடும். இரண்டாவது வேகம், ஆனால் அந்தப் பொது இடத்தைக் கெடுத்துவிட்டால் எல்லாம் கெட்டது.

இனி ஏமாற்று வேலைகள். நல்ல கருவியைப் பற்றிக் கெட்டது சொல்வது. கூட்டாளிக்குப் புள்ளி ஏற்றிவிடுவது. பெயர் கெட்டதும் புது அடையாளத்தோடு மறுபடி வருவது. இதில் கண்டுபிடிக்க மிகக் கடினமானது விட்டு விட்டுச் செய்வது. நல்ல பிள்ளையாக நடந்து பெயர் வாங்கி, வேண்டிய நேரத்தில் ஒரே ஒரு பொய். பிறகு மறுபடி நல்ல பிள்ளை. சராசரியை மட்டும் பார்க்கும் கணக்கு இதில் ஏமாந்தே போகும். பழைய அனுபவத்துக்குக் குறைந்த எடை, கடைசி நடத்தைக்கு அதிக எடை என்று வைத்தால் கொஞ்சம் தேறும். ஆனால் அப்போது நெட்வொர்க் கோளாறால் ஒருமுறை தவறிய நல்ல கருவியும் தண்டனை பெறும்.

#10 நடைமேடை

ஆக வாஷிங் மெஷினின் நண்பர்களை நம்பக்கூடாது, அதன் உடன்பிறப்புகளை நம்பவே கூடாது. குறித்துக்கொண்டேன்.

#11 மட்டுறுத்துநர்

நடைமேடை, ஒருவரி நகைச்சுவை இரண்டோடு போதும் 🙂 இழை நன்றாகப் போகிறது.

#12 ஆதிரை

நான் வீடுகளில் இந்தக் கருவிகளை மாட்டிக்கொடுக்கும் வேலை செய்பவள். ஆய்வுக் கட்டுரை எதுவும் படித்ததில்லை, ஆனால் தரையில் எப்படி இருக்கிறது என்று சொல்லலாம்.

ரவுட்டர் சொன்ன 'கண்டம் விட்டுக் கண்டம்' நிலைமை மாறிவருகிறது. 2022 அக்டோபரில் மேட்டர் என்ற பொதுத் தரம் வந்தது. அதில் வெவ்வேறு நிறுவனத்தின் ஸ்விட்சும் பல்பும் வீட்டுக்குள்ளேயே நேராகப் பேசிக்கொள்ளும். ஆனால் தானாகப் பழகாது. கியூஆர் கோடை ஒரு மனிதர் ஸ்கேன் செய்யவேண்டும். கருவி தன் சான்றிதழைக் காட்டும், அதில் எந்த நிறுவனம் செய்தது என்பது இருக்கும். நிரல்நரி பயந்த பிறப்பு உறவு இங்கே வாசலில் காட்டும் அடையாள அட்டை மட்டும்தான். உள்ளே யார் யாருக்குக் கட்டளையிடலாம் என்பது தனி அனுமதிப் பட்டியல். ஒரே கருவி ஒன்றுக்கு மேற்பட்ட நிர்வாகத்தின் கீழ் இருக்கலாம். குறைந்தது ஐந்தையாவது தாங்கவேண்டும் என்பது தரத்தின் விதி. வீட்டில் ஒருவர் ஆப்பிள், ஒருவர் கூகுள் என்று இருந்தால் இது பெரிய வசதி.

தலைவலி இதே இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. வீடு கைமாறுகிறது. பழைய சொந்தக்காரர் தன் ஃபோனில் செயலியை அழித்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று போய்விடுகிறார். செயலி போனது, அனுமதி போகவில்லை. நான் பழைய கேமரா ஒன்றைக் கழற்றி மாட்டப்போன இடத்தில், அது இன்னும் முந்தைய ஆளின் கணக்கில் இருந்தது. நிறுவனத்துக்கு எழுதினால் "பதிவு செய்த உரிமையாளர் கோரவேண்டும்" என்று பதில். அவர் எங்கே என்று யாருக்குத் தெரியும்? தம்பதி பிரிந்த வீடுகளில் இது இன்னும் மோசம். தெர்மோஸ்டாட், கதவுப் பூட்டு, கேமரா எல்லாவற்றிலும் வெளியேறியவர் இன்னும் நிர்வாகி. அவரை நீக்கும் உரிமை யாருக்கு? கருவிக்கு என்ன தெரியும், அதைப் பொறுத்தவரை இருவரும் உரிமையாளர்கள்.

மனிதன் கையால் ஏற்படுத்திய நாலைந்து உறவை அவிழ்க்கவே இந்தப் பாடு. கருவிகள் தாமாகவே நூறு உறவு ஏற்படுத்திக்கொண்டு போனால் கைமாறும் நாளில் யார் உட்கார்ந்து அவிழ்ப்பது?

#13 சாம்பல்பூனை

ஆதிரை சொல்வது நடைமுறை உண்மை. ஆனால் எல்லா எதிர்மறையும் ஒரே பக்கம் குவிகிறது, கொஞ்சம் சமன் செய்கிறேன்.

பிறப்பு உறவின் நல்ல பக்கத்தைப் பாருங்கள். புது அலுவலகத்துக்குப் போகிறீர்கள், உங்கள் மடிக்கணினி அங்கே பிரின்டரோடு ஒத்துப்போகவில்லை. அதே மாடல் மடிக்கணினி பத்து அங்கே ஏற்கெனவே அந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டன. நேராக அவற்றைக் கேட்டுச் செட்டிங்கை வாங்கிக்கொண்டால் எவ்வளவு நேரம் மிச்சம்! ஒரே மாடல் கார்களில் ஒரு குறிப்பிட்ட பாகம் தேய்வதை ஒரு கார் உணர்ந்தால் மற்றவை தங்களைச் சோதித்துக்கொள்ளலாம். ஆலோசனை வாங்குவது வேறு, கட்டளையை ஏற்பது வேறு. பல்புத் தொற்றில் நடந்தது இரண்டாவது.

#14 நிரல்நரி

அந்தப் பிரிப்பு எனக்குச் சம்மதம். ஒரு திருத்தம் மட்டும்: செட்டிங் என்பதும் கட்டளைதான். "இந்த சர்வரைப் பயன்படுத்து" என்று ஒரு பொய் செட்டிங் கொடுத்தால் உங்கள் மடிக்கணினியின் போக்குவரத்து முழுக்க என் வழியாகப் போகும். ஆலோசனை, கட்டளை என்ற கோட்டைக் கருவி தானாகப் போட முடியாது, வடிவமைப்பவர் முன்கூட்டியே போட்டாகவேண்டும். தேய்மானத் தகவல் உதாரணம் சரி. அது தவறானாலும் வீணாக ஒரு சோதனை, அவ்வளவுதான் இழப்பு.

#15 பழைய_ரவுட்டர்

யார் முன்கூட்டியே போடுவது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமேசான் சைட்வாக் 2021 ஜூனில் அமெரிக்காவில் ஓட ஆரம்பித்தது. உங்கள் வீட்டு ஸ்பீக்கர் உங்கள் இணையத்தில் ஒரு சிறு பங்கை அக்கம்பக்கத்துக் கருவிகளுக்குத் தரும். உச்சம் 80 கேபிபிஎஸ், மாதம் 500 எம்பி. அளவு சின்னதுதான், நோக்கமும் தவறில்லை. ஆனால் வேண்டாம் என்பவர் தேடிப்போய் அணைக்கவேண்டும், சும்மா இருந்தால் சேர்ந்துவிட்டதாக அர்த்தம். "உரிமையாளர் விதிகளை வகுப்பார்" என்று மின்மினி முதல் பதிவில் எழுதினாரே, நடைமுறையில் அந்த விதியை வகுப்பது பெட்டியைச் செய்தவர்.

#16 வலைமுடிச்சு

ஆதிரையின் கேள்விக்கு வருகிறேன், இந்த இழையிலேயே கனமான கேள்வி அதுதான்.

உறவு ஏற்படுவதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எத்தனை முறை சந்தித்தால், எவ்வளவு நேரம் கூட இருந்தால் என்று அளவுகோல் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். முடிவதைப் பற்றி அந்த அளவுக்கு அக்கறை இல்லை. ஒவ்வொன்றாகப் பாருங்கள். சந்திப்பு உறவு தானாகத் தேயும். பார்க்காமல் இருந்தால் எண்ணிக்கை குறையும். வேலை உறவு வேலை முடிந்தால் முடியலாம். இட உறவு கருவியை நகர்த்தினால் போய்விடவேண்டும், ஆனால் நகர்த்தியது கருவிக்குத் தெரியவேண்டுமே. உரிமை உறவு கைமாறும் கணத்தில் அறுபடவேண்டும், ஆதிரை சொன்னதுபோல் அந்தக் கணத்தை யாரும் கருவிக்கு அறிவிப்பதில்லை. பிறப்பு உறவு சாகும்வரை மாறாது.

இதைவிட மோசம், உறவை அறுத்தாலும் அதன் வழியாக ஏற்கெனவே பரவியது திரும்பி வராது. என் பழைய கேமரா உங்கள் கதவுப் பூட்டை மூன்றாவது கருவிக்குச் சிபாரிசு செய்துவிட்டது என்று வையுங்கள். கேமராவுக்கும் பூட்டுக்கும் உறவு முறிந்துவிட்டது. சிபாரிசு? அது மூன்றாவது கருவியின் நினைவில் பத்திரமாக இருக்கிறது. அறுக்கும்போது அந்த உறவிலிருந்து கிளைத்தவற்றையும் தேடிப்போய் அறுக்கவேண்டும் என்றால், யார் யாருக்கு என்ன சொன்னார்கள் என்ற பதிவு வேண்டும். அந்தப் பதிவை வைத்தால் #8இல் சொன்ன தனியுரிமைக் கவலை இரட்டிப்பு. இந்த முடிச்சுக்கு அழகான விடை எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே மருந்து காலாவதி: ஒவ்வொரு சிபாரிசுக்கும் ஒரு கெடு, கெடு முடிந்தால் மறுபடி சம்பாதிக்கவேண்டும். இணையதளச் சான்றிதழ்களில் செல்லுபடிக் காலத்தைக் குறைத்துக்கொண்டே வருவதும் இதே காரணத்தால்தான். ரத்துச் செய்திகள் போய்ச் சேருவதை நம்ப முடியவில்லை.

#17 பழைய_ரவுட்டர்

காலாவதி என்றால் மறதி. சுற்றி வளைத்து என் இடத்துக்கே வந்துவிட்டீர்கள். பரவாயில்லை, வரவேற்கிறேன்.

#18 மின்மினி

எல்லோருக்கும் நன்றி. வலைமுடிச்சு அண்ணா, அப்படியானால் என் புராஜெக்ட்டை உறவு எப்படி முடிகிறது என்பதிலேயே வைத்துக்கொள்கிறேன். கைமாறும் கருவிகளை உருவகித்துப் பார்க்கலாம் என்று எண்ணம். தரவு எங்கே கிடைக்கும்? அசல் கருவிகளை வைத்து என்னால் செய்ய முடியாது.

#19 வலைமுடிச்சு

மார்க்கே, அட்சோரி, பில்லோனி, நித்தி 2020இல் வெளியிட்ட தரவுத்தொகுதி ஒன்று இருக்கிறது. ஸ்பெயினின் சாந்தாந்தேர் நகரத்தை வைத்தது. மொத்தம் 16,216 கருவிகள். அதில் 1,616 நகர நிர்வாகத்துடையவை, மீதி 14,600 தனியாருடையவை. தனியார் கருவிகளின் நடமாட்டம் மாதிரி வைத்து உருவாக்கப்பட்டது என்பதைக் கட்டுரையில் குறிப்பிட மறக்காதீர்கள், கைடு கேட்பார்.

செய்யக்கூடியது: தனியார் கருவிகளில் ஒரு பங்கை எடுத்து உரிமையாளரை மாற்றுங்கள். பழைய உறவுகளை அப்படியே விட்டுவிடுங்கள். இப்போது பழைய உரிமையாளரின் மற்ற கருவிகள் புது வீட்டின் எத்தனை கருவிகளை இரண்டு தாவலில் (நண்பரின் நண்பர் வரை) எட்ட முடிகிறது என்று எண்ணுங்கள். பிறகு காலாவதிக் கெடு வைத்து அதையே மறுபடி ஓட்டுங்கள். கெடுவைக் குறைக்கக் குறைக்க இந்த எண்ணிக்கை இறங்கும், அதே நேரத்தில் நல்ல தேடல்களும் தோற்கத் தொடங்கும். அந்த இரண்டு கோடுகளையும் ஒரே வரைபடத்தில் போட்டால் அதுவே உங்கள் முடிவு.

#20 நிரல்நரி

பிறப்பு உறவைத் தனியாக வைத்து ஓட்டுங்கள். கைமாறினாலும் மாறாதது அது ஒன்றுதான். மற்றவற்றோடு சேர்த்து எண்ணினால், எந்தக் கெடு வைத்தாலும் எட்டக்கூடிய கருவிகளின் எண்ணிக்கை குறையாததுபோல் தெரியும்.

#21 ஆதிரை

உரிமையாளரை மாற்றும்போது எல்லாக் கருவியையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். நிஜத்தில் வீட்டோடு பூட்டும் தெர்மோஸ்டாட்டும் இருந்துவிடும், ஸ்பீக்கரும் டிவியும் பழைய ஆளோடு போய்விடும். பாதி இங்கே, பாதி அங்கே இருக்கும்போதுதான் பழைய உறவுகள் வேலையைக் காட்டும்.

#22 மின்மினி

இரண்டையும் சேர்த்துக்கொள்கிறேன். முதல் ஓட்டம் பிறப்பு உறவு இல்லாமல், இரண்டாவது அதோடு. கருவிகளை வீட்டோடு நிற்பவை, ஆளோடு போகிறவை என்று பிரித்தே மாற்றுகிறேன். வரைபடம் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.